அரியலூர்க் கடலும் ஆசிரியரின் கைப்பேசியும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் நீர்நிலை ஒன்றில் மண் அள்ளியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளியே வந்தன. சில முழு உருண்டை, சில நீள்வட்டம். "டைனோசர் முட்டை" என்ற தலைப்போடு அவற்றின் படங்கள் வாட்ஸ்அப்பில் கிளம்பி நாடு முழுக்கச் சுற்றின. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மோனைட் என்ற, சுருண்ட ஓடு கொண்டு வாழ்ந்து அழிந்துபோன கடலுயிரின் புதைபடிவங்களோடு சேர்ந்து உண்டான கல்லுருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் புதைந்த ஒரு சிப்பி ஓட்டையோ வேறு உயிர்ப்பொருளையோ சுற்றி, சேற்று நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து இறுகினால் இப்படி உருண்டை பிறக்கும். விளக்கம் வந்து சேர்வதற்குள் முட்டை ஊர் ஊராகப் போய்விட்டது.

பள்ளிகள் மூடிக்கிடந்த ஆண்டு அது. பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பறை என்று இருந்ததே அப்பாவின் கைப்பேசியும் கல்வித் தொலைக்காட்சியும்தான். அந்த ஆண்டு அவர்கள் ஊரைப் பற்றி வந்த மிகப் பெரிய அறிவியல் பாடம் அதே கைப்பேசியில், தப்பாக வந்தது. பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், விரலால் பெரிதாக்கினார்கள், அடுத்த குழுவுக்குத் தள்ளினார்கள். விரலுக்கு ஓய்வே இல்லை. ஆனால் "முட்டையா, கல்லா? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று அவர்களை நிறுத்தி வைத்துக் கேட்க அங்கே ஆளில்லை.

வகுப்பறைக்குள் வரும் இணையக் கருவிகளை எடைபோட நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான். திரை விடையைக் காட்டுவதற்கு முன்னால் பிள்ளை தன் ஊகத்தைச் சொல்லி அதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டதா? ஆம் என்றால் பத்து வருடப் பழைய கைப்பேசியே போதும். இல்லையென்றால் சுவரளவு ஸ்மார்ட் போர்டும் கல்யாண மண்டபத்து டிவி போலத்தான், எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கருவிகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு அச்சானது. கணக்கு, அறிவியல் புத்தகங்களில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு கட்டம் இருக்கும். கணக்குக்கு ஜியோஜீப்ரா, அறிவியலுக்கு ஃபெட் போன்ற தளங்களுக்குப் போகும் வழியைப் படிப்படியாகச் சொல்லும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. இவற்றோடு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர் கையில் டேப்லெட். இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சின்னக் கட்டம்தான். பாடத்தின் கடைசியில் ஒரு மூலையில் கிடப்பதால் தேர்வுக்கு வராத பகுதி என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். உண்மையில் பாடம் அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். இயற்பியல் வகுப்பில் செய்முறை காட்டுவது மாணவர்களுக்குக் கொண்டாட்டம். அதனால் ஏதாவது புரிகிறதா என்று அவர்கள் சோதித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் செய்முறையே கிடையாது. இன்னொன்று வெறுமனே பார்த்தது. மூன்றாவது, என்ன நடக்கும் என்று முதலில் ஊகம் சொல்லிவிட்டுப் பார்த்தது. நான்காவது, ஊகம் சொல்லி, பார்த்து, பக்கத்தில் இருந்தவர்களோடு விவாதமும் செய்தது. பருவக் கடைசியில், நடந்ததற்குச் சரியான காரணம் சொன்னவர்கள் முறையே 22, 24, 30, 32 சதவீதம். பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் இடையே பேருக்கு ஒரு வித்தியாசம், அவ்வளவுதான். தாண்டல் ஊகம் சொன்ன இடத்தில்தான் நடந்தது. அதற்குக் கூடுதலாகப் பிடித்தது சில நிமிடங்கள்.

மூளையின் பக்கமிருந்து பார்த்தாலும் இது வியப்பில்லை. 1990களில் நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் நரம்பணுக்களைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை படபடவென்று துடித்தன. எதிர்பார்த்தபடியே கிடைத்தபோது கிட்டத்தட்டச் சும்மா இருந்தன. எதிர்பார்த்துக் கிடைக்காதபோது துடிப்பு குறைந்தது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அவை அளந்துகொண்டிருந்தன. எதையும் நினைக்காதவனுக்கு இடைவெளி ஏது? மனிதர்களிடம் இன்னொரு வேடிக்கையும் தெரியவந்தது. 2001இல் உளவியலாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் காட்டியபடி, "நிச்சயம் இதுதான்" என்று அடித்துச் சொன்ன தப்பு, "இதுவாக இருக்கலாம்" என்று இழுத்துச் சொன்ன தப்பைவிடச் சீக்கிரம் திருந்துகிறது. துணிந்து தப்பாகச் சொல்லும் பிள்ளையைக் கண்டு ஆசிரியர் முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பதற்கு ஆய்வகச் சான்று.

ஆனால் நாற்பது பேர் வகுப்பில் நாற்பது ஊகங்களையும் எப்படி வாங்குவது? "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் முதல் பெஞ்சில் அதே நாலு கை. வாயால் "ஆமாம் சார்" என்று சேர்ந்து சொல்வது கோரஸ்; அதில் யார் குரல் உண்மை, யார் குரல் ஒட்டு என்று பிரிக்க முடியாது. ஆளுக்கொரு கருவி கொடுத்துப் பொத்தானை அழுத்தச் சொல்லும் முறை பணக்காரப் பல்கலைக்கழகங்களில் வந்தது. இந்த இரண்டு மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்துவது பிளிக்கர்ஸ் என்ற கருவி. பிள்ளைகளிடம் கைப்பேசி வேண்டாம். கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்த அட்டை ஒன்று போதும். ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு வேறு. அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்கள் என்பதே விடை: அ, ஆ, இ, ஈ. ஆசிரியர் தன் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் எந்த அட்டை எந்தப் பக்கம் என்று செயலி படித்து எண்ணிவிடும். அட்டையைப் பார்த்து அடுத்த பிள்ளை காப்பியடிக்க முடியாது, கட்டங்கள் வேறு வேறாக இருப்பதால். யார் தப்பு என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியும். கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

இனி அந்தக் குன்னம் கல்லை வகுப்புக்குக் கொண்டுவருவோம். ஒன்பதாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கல்லின் படம். கேள்வி: இது முட்டையா இல்லையா என்று தீர்மானிக்க முதலில் எதைப் பார்ப்பாய்? அ: வடிவம். ஆ: எடை. இ: மேற்பரப்பில் மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் இருக்கின்றனவா. ஈ: எத்தனை கற்கள் சேர்ந்து கிடந்தன. பெரும்பாலான அட்டைகள் 'அ' காட்டும் என்று பந்தயம் கட்டலாம். ஆசிரியர் உடனே விடையைச் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே செத்தது. "பக்கத்தில் இருப்பவனை உன் பக்கம் இழு, மூன்று நிமிடம்" என்று விட வேண்டும். பிறகு மறுபடி அட்டை.

மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. இதன் மேல் நியாயமான சந்தேகம் ஒன்று இருந்தது: நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்கிறார்களோ? கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித்தும் சகாக்களும் 2009இல் இதைச் சோதித்தார்கள். விவாதத்துக்குப் பிறகு அதே கருத்தில் புதுக் கேள்வி ஒன்றைத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். குழுவில் ஒருவருக்குமே முதலில் சரியான விடை தெரியாத இடங்களிலும் விவாதத்துக்குப் பின் பலர் சரியாகச் சொன்னார்கள். தெரியாதவர்கள் சேர்ந்து பேசியே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். நம் வகுப்பறைகளில் "பேசாதே" என்பது எத்தனை காலமாகச் சட்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சரியான விடை 'இ'தான் என்றாலும் 'ஈ' காட்டும் பிள்ளையையும் ஒதுக்க வேண்டாம். முட்டைகள் கூட்டமாகக் கிடக்கும் என்பது உண்மைதான். 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைக் கூட்டங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். ஆக, "எங்கள் ஊரில் டைனோசர் முட்டை" என்பது இந்த மண்ணில் அசட்டுப் பேச்சில்லை. எந்தக் கல் என்பதுதான் கேள்வி.

அட்டைகள் செய்யும் இதே வேலையைப் போட்டியாக நடத்தும் கஹூட் போன்ற விளையாட்டுகளும் இருக்கின்றன. இசை, கடிகாரம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு உயிர். எனக்கு ஒரு மனத்தாங்கல்: வேகமாகத் தொட்டவனுக்கு அதிகப் புள்ளி. கேள்வியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, யோசித்துச் சரியாகச் சொன்னாலும், பட்டியலில் கீழேதான் நிற்கும். வேகத்துக்கான புள்ளியை அணைத்துவிட்டு நடத்தலாம். அப்படி நடத்துகிறவர்கள் குறைவு.

பாடநூல் கட்டத்தில் இருக்கும் ஃபெட்டுக்கு வருகிறேன். 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. பரிசு வாங்கியவர் அடுத்து என்ன துகளைப் பிடிக்கலாம் என்று போகாமல், மாணவர்களுக்கு ஏன் புரிவதில்லை என்று ஆராயப் போனார். மின்சுற்று, அலை, அணு, பின்னம், அழுத்தம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கணினிப் பாவனைகள் (சிமுலேஷன்) இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன, பல தமிழிலும். 2005இல் அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஃபிங்கல்ஸ்டைன் குழு ஒரு காரியம் செய்தது. ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான மின்கலம், கம்பி, பல்பு வைத்து ஆய்வகப் பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவு கணினிப் பாவனையில் மட்டும். பிறகு இரு பிரிவுக்கும் உண்மையான சாமான்களைக் கொடுத்துச் சுற்று கட்டச் சொன்னார்கள். பாவனையில் பழகியவர்களே நன்றாகக் கட்டினார்கள். ஏன் என்று விளக்குவதிலும் அவர்களே முந்தினார்கள்.

இதைக் கேட்டதும் "அப்போ லேப் எதற்கு?" என்று ஒரு தலைமையாசிரியர் கணக்குப் போட ஆரம்பித்தால் ஆபத்து. காரணத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான சுற்றில் பல்பு எரியாவிட்டால் கம்பி தளர்ந்திருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம், பல்பே செத்திருக்கலாம். கற்றுக்கொள்கிறவனின் ஊகம் தப்பா, சாமான் தப்பா என்று தெரியாது. பாவனையில் சாமான் ஒருபோதும் பொய் சொல்லாது. தப்பு என்றால் உன் ஊகம்தான் தப்பு. மேலும் கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்கள் அங்கே நீலப் புள்ளிகளாக ஓடும். பல்பில் மின்னோட்டம் "செலவாகிவிடும்" என்று நினைக்கும் பிள்ளை, உள்ளே போனதும் வெளியே வருவதும் ஒரே அளவு என்று கண்ணால் காணும். பாவனை ஜெயிப்பது இந்த இரண்டு இடங்களில்தான். பழுதான கம்பியைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறமை, கையில் சூடு உறைக்கும் அனுபவம், இவை மேசை மேல்தான் கிடைக்கும். அதனால் பாவனை முதலில், மேசை பிறகு. இடையில் ஊகம்.

திரை எங்கே தோற்கும் என்பதற்கும் இந்த மாவட்டங்களே பாடம். 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இந்த நிலத்தின் பெரும்பகுதி அவ்வப்போது கடலுக்கடியில் இருந்தது. 1860களில் புவியியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இங்கே கிடைத்த கடலுயிர்ப் படிவங்களை விவரித்து எழுதியதிலிருந்து ஊட்டத்தூர், அரியலூர் என்ற பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக நிலைத்துவிட்டன. ஆலத்தூர் வட்டம் காரையின் செம்மண் மேடுகளில் இன்றைக்கும் சுருண்ட அம்மோனைட்டுகள் தலைகாட்டும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது; 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். வைணவ வீடுகளில் பூசையறையில் இருக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அம்மோனைட்தான், ஆனால் அது இமயத்துப் பக்கத்து வேறொரு பழைய கடலின் பிள்ளை.

கடல் இங்கே இருந்தது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். கடல் எங்கே இருந்தது, நாம் எங்கே இருந்தோம் என்பதற்கு இணையத்தில் ஒரு பூகோள உருண்டை இருக்கிறது. இயன் வெப்ஸ்டர் உருவாக்கியது. புவியியலாளர் ஸ்கோட்டீஸின் பழம்புவி வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டது. ஊர்ப் பெயரைத் தட்டினால், 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் உலகில் எங்கே இருந்தது என்று புள்ளி வைத்துக் காட்டும். ஆசிரியர் பொத்தானைத் தட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் நோட்டில் உலகப் படம் வரைந்து அரியலூருக்குப் புள்ளி வைக்கட்டும். இமயத்துக்குக் கீழே, இப்போதிருக்கும் இடத்திலேயே வைப்பவர்களே அதிகம் இருப்பார்கள். திரையில் அரியலூர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகு தொலைவில், மடகாஸ்கரை விட்டு அப்போதுதான் பிரிந்துகொண்டிருக்கும் ஒரு தனி நிலத்தின் ஓரத்தில் நிற்கும். இமயமலை என்று ஒன்றே இருக்காது.

அடுத்து ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும், கேட்க வேண்டும்: "சார், இது எப்படித் தெரியும்? யாரும் பார்க்கலையே." உருண்டை அதற்குப் பதில் சொல்லாது. கடலடிப் பாறை உறையும்போது அன்றைய காந்தத் திசையைத் தனக்குள் பதித்துக்கொள்கிறது. அந்தக் காந்தப் பட்டைகளிலிருந்து கடல்தரை விரிந்த கதையை 1963இல் புவியியலாளர்கள் வைனும் மாத்யூஸும் படித்துக் காட்டினார்கள். இந்தியா வடக்கே விரைந்த காலத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேல் நகர்ந்தது. இப்போது ஏறத்தாழ 5 செ.மீ. ஆண்டுக்கு 15 செ.மீ. என்றால் ஒரு கோடி ஆண்டில் 1,500 கி.மீ. இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் போடுவதே நல்லது. சுழலும் உருண்டை, தான் வெறும் கணக்கு மாதிரிதான் என்பதை மறைத்து, வானத்திலிருந்து எடுத்த படம் போல நம்ப வைத்துவிடும்.

உருண்டை மறைக்கும் இன்னொன்று, காலத்தின் நீளம். பொத்தானைச் சில முறை தட்டினால் 12 கோடி ஆண்டு சில நொடியில் ஓடிவிடும். சாதாரணக் கணினித் திரையின் அகலம் 1,920 புள்ளிகள். அதில் 12 கோடி ஆண்டை நீட்டினால் ஒரு புள்ளிக்கு 62,500 ஆண்டு. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் எழுப்பி ஆயிரம் ஆண்டு. அது ஒரு புள்ளியில் அறுபதில் ஒரு பங்குகூட வராது. எந்தப் ப்ரொஜெக்டராலும் அதைக் காட்ட முடியாது. அதற்குப் பள்ளி மைதானம்தான் சரி. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு நூல் பிடிக்கட்டும். கங்கைகொண்ட சோழபுரம் ஒரு மில்லிமீட்டர். சங்க காலம் இரண்டு. மனித இனத்தின் மொத்த வயது மூன்று லட்சம் ஆண்டு என்றால், புத்தகப் பையிலிருந்து எடுத்த 30 செ.மீ. ஸ்கேல். டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்த இடத்துக்கு 66 மீட்டர் நடக்க வேண்டும். காரைக் கடல் 100 மீட்டர் ஓட்டப் பாதையின் கடைசிக்கோட்டை ஒட்டி. பொதுவாக 12 கோடி ஆண்டு என்று சொல்லப்படும் சாத்தனூர் மரம் 120 மீட்டரில். பல பள்ளிகளில் அது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ரோட்டில் விழும். ஓடிக் களைத்த பிள்ளைக்கு 66 மீட்டர் என்பது காலில் தெரியும். ஊகத்தை இங்கேயும் விடக்கூடாது. நூலை நீட்டும் முன்னால் ஒவ்வொருவரும் டைனோசர் அழிந்த இடம் என்று தனக்குத் தோன்றும் இடத்தில் போய் நிற்கட்டும்.

இடையில் ஒரு முறைப்பாடு. ஆசிரியர்களே தயாரித்துப் பகிரும் பாட வீடியோக்களில் எழுத்துகள் சுழன்று வருகின்றன, பின்னணியில் சினிமா இசை ஓடுகிறது, மூலையில் ஒரு பொம்மை கைதட்டுகிறது. உழைப்பு தெரிகிறது, பாடம் தெரியவில்லை. உளவியலாளர்கள் ரிச்சர்ட் மேயரும் ரோக்சானா மொரேனோவும் 2000ஆம் ஆண்டில் மின்னல் எப்படி உண்டாகிறது என்ற சிறு அசைபட விளக்கத்தைச் சிலருக்கு இசையோடும் சிலருக்கு இசையில்லாமலும் காட்டினார்கள். இசையோடு பார்த்தவர்கள் நினைவிலும் புரிதலிலும் பின்தங்கினார்கள். ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடியது கொஞ்சம்தான். அதில் பாட்டுக்கும் பங்கு வைத்தால் பாடத்துக்கு மிச்சம் குறையும்.

ஊரையே பாடமாக்க இன்னொரு நல்ல கருவி, செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிக் காட்டும் கூகுள் எர்த் டைம்லாப்ஸ். 1984 முதல் படங்கள் இருக்கின்றன. அரியலூரைச் சுற்றிப் பச்சை நிலத்தில் வெளிறிய திட்டுகள் தோன்றி வருடாவருடம் பரவுவது தெரியும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் ஊர் அறிந்த கல்லங்குறிச்சியின் பெயரையே அந்தச் சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கும் வைத்திருக்கிறார்கள். அதில் கடற்சிப்பி ஓடுகள் குவியல் குவியலாக இருக்கும். அந்தக் கடலின் ஓடுகள்தான் சிமென்ட் மூட்டையாகி வெளியூர் போகின்றன. வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் யாரோ ஒருவருக்குச் சுரங்கத்திலோ ஆலையிலோ லாரியிலோ வேலை இருக்கலாம். சுரங்கத்தின் பரப்பைத் திரையிலேயே அளக்கலாம், அடுத்த பத்தாண்டில் எவ்வளவு ஆகும் என்று ஊகிக்கலாம், தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கலாம். சில கேள்விகள் ஆசிரியருக்கே சங்கடமாக இருக்கும். அதுதான் நல்ல பாடம் என்று நினைக்கிறேன்.

கருவியை மட்டும் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. பிள்ளைக்கொரு மடிக்கணினித் திட்டத்தை அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் இல்லை. டில்லியிலோ வேறு கதை. கல்வி ஆய்வாளர்கள் முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மைண்ட்ஸ்பார்க் மென்பொருள் வைத்த பயிற்சி மையங்களில் நாலரை மாதம் படித்தவர்கள் கணக்கிலும் இந்தியிலும் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். அந்த மென்பொருள் பிள்ளையை ஓயாமல் கேள்வி கேட்கிறது. எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்க்காமல், எந்த இடத்தில் தடுக்குகிறான் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குகிறது. நம் பக்கத்திலேயே புதுச்சேரி அருகில் காளிக்குப்பத்தில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா தமிழ்ப் பிள்ளைகளிடம் உயிர்த்தொழில்நுட்பப் பாடங்களை ஒரு கணினியில் போட்டுவிட்டுப் போனார். தாங்களாகவே அவர்கள் 30 சதவீதம்வரை எட்டினார்கள். பாடம் தெரியாத, ஆனால் "அப்புறம்? இது எப்படி?" என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்த ஓர் அக்கா சேர்ந்த பிறகு 50ஐத் தொட்டார்கள்.

நடைமுறைச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெட் நிற்கும், கரண்ட் போகும், ஹைடெக் லேப் தேர்வுக்கும் பதிவேற்ற வேலைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஃபெட் பாவனைகளைக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். இணையம் இல்லாமலே ஓடும். ஜியோஜீப்ராவும் அப்படியே. பழம்புவி உருண்டைக்கு இணையம் வேண்டும், அதனால் வீட்டிலேயே ஐந்தாறு படங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பழையதை நினைவுகூரும் கேள்விகளை ஒரு வாரம் கழித்துக் கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் காட்டினார்கள்: ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு வாரத்தில் 42 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், ஒரு முறை படித்து, ஒரு முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வது நம் வழக்கம். புத்தகத்தை மூடச் சொல்லி மறுபடி கேட்டால் அந்த 14 சதவீதப் புள்ளி சும்மா கிடைக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளை இணையத்திலிருந்து வாங்குவது. கொடுக்கவும் முடியும். கொடுக்க வேண்டும் என்பதற்கு அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் ஒரு காரணம் இருக்கிறது. அங்கே மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் அந்த விலங்குக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பூமியில் நடந்த மிகக் கனத்த விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றைய கணிப்புகள் சொல்கின்றன. ஆனால் எலும்புகள் நொறுங்கிப் போயின. கையில் மிஞ்சியது சில கோட்டோவியங்களும் வெகுகாலம் வெளிவராத புகைப்படங்களும். எலும்பா, இல்லை கல்லான மரமா என்றுகூட வெளிநாட்டு ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். பழைய புகைப்படங்கள் 2022இல் அச்சேறிய பிறகுதான் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

இன்று அதுபோன்ற ஓர் எலும்பைச் சுற்றிச் சுற்றி ஒரு கைப்பேசியால் ஐம்பது அறுபது படம் எடுத்தால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளை ஒப்பிட்டு இலவச மென்பொருள் ஒன்று முப்பரிமாண மாதிரியைக் கட்டிவிடும். அதை உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் திருப்பிப் பார்க்கலாம், அளக்கலாம். காரைக்கோ கல்லங்குறிச்சிக்கோ அழைத்துப் போகும் ஒன்பதாம் வகுப்பு இதைச் செய்யலாம். படத்தில் அந்த 30 செ.மீ. ஸ்கேல் இருக்க வேண்டும். இடமும் தேதியும் கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டுவர வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போவது நல்லது. மண் அரித்து, போன வருடம் மூடியிருந்தவை மேலே வந்திருக்கும்.